ஒரே நாளில் பிறந்த இரட்டையர்... ஒருவனுக்கு மட்டும் மீசை முளைப்பது ஏன்?

பெண் பிள்ளை வயதுக்கு வந்தால் தூத்துக்குடி தெருக்களில் பந்தல் போடுவார்கள். ஃபிளெக்ஸ் பேனர் கட்டுவார்கள். தாய்மாமன் சீர் வரும். தேதி, கிழமை, நேரம் எல்லாம் குடும்பத்துக்கே மனப்பாடம். ஆனால், ஆண் பிள்ளை எப்போது வயதுக்கு வந்தான் என்று கேட்டால், பெற்ற தாய்க்கே சொல்லத் தெரியாது. அதற்குத் தேதி கிடையாது, சடங்கும் கிடையாது.

சடங்கு இல்லையே தவிர, ஒப்பீடு உண்டு. "என்னலே, உன் கூட்டாளிக்கெல்லாம் மீசை வந்துட்டு, உனக்கு இன்னும் ஒண்ணையும் காணுமே?" என்ற கேலி பள்ளிக்கூட வாசலில் தொடங்கி, கல்யாண வீடு வரை துரத்தும். அதுவும் வீட்டில் இரட்டைப் பிள்ளைகள் இருந்து, ஒருவன் தோளுக்கு மேல் வளர்ந்து நிற்க, இன்னொருவன் சின்னப் பையனாகவே இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். "ரெண்டு பேருக்கும் ஒரே சாப்பாடுதானே போட்டேன்? இவனுக்கு மட்டும் என்ன குறை?" என்று அம்மாவும் கலங்கிப்போவார்.

இதே கேள்வியைத்தான் விஞ்ஞானிகளும் இரட்டையர்களிடம் பல ஆண்டுகளாகக் கேட்டுவருகிறார்கள். ஆண் பிள்ளைகள் பருவமடையும் நேரத்தை முடிவு செய்வது மரபணுவா, சாப்பாடும் சூழலுமா? கிடைத்திருக்கும் பதில், இரட்டையர் இல்லாத வீடுகளுக்கும் பொருந்தும்.

முதலில், ஆண் பிள்ளைக்குப் பருவம் எப்போது தொடங்குகிறது?

மீசையிலிருந்து அல்ல. மீசை கடைசியில் வரும் அடையாளங்களில் ஒன்று.

மூளையில் உள்ள ஹைபோதலாமஸ் என்ற பகுதி, குழந்தைப் பருவம் முழுக்க அமைதியாக இருந்துவிட்டு, ஒரு கட்டத்தில் விழித்துக்கொள்கிறது. அது பிட்யூட்டரி சுரப்பிக்குச் செய்தி அனுப்ப, பிட்யூட்டரி விதைகளுக்குச் செய்தி அனுப்புகிறது. விதைகள் வளர்ந்து டெஸ்டோஸ்டிரோன் ஹார்மோனைச் சுரக்கத் தொடங்குகின்றன. ஆக, முதல் மாற்றம் விதைகள் பெரிதாவதுதான். வெளியில் யார் கண்ணுக்கும் தெரியாது. பையனே கவனித்திருக்க மாட்டான்.

அதன்பின் ஆணுறுப்பு வளர்ச்சி, அந்தரங்க முடி, திடீர் உயர வளர்ச்சி, குரல் உடைதல், அக்குள் முடி, மீசை, தாடி என்று ஏறத்தாழ வரிசையாக வரும். பெண் பிள்ளைகளுக்குப் பருவத்தின் தொடக்கத்திலேயே உயரம் கூடிவிடும். பையன்களுக்குப் பாதி தாண்டிய பிறகுதான் கூடும். அதனால்தான் ஏழாம் வகுப்பில் பெண்கள் உயரமாகவும் பையன்கள் குட்டையாகவும் தெரிகிறார்கள்.

9 வயதிலிருந்து 14 வயதுக்குள் எப்போது தொடங்கினாலும் இயல்புதான் என்கிறது மருத்துவம். ஐந்து ஆண்டு இடைவெளி! ஒரே பெஞ்சில் உட்காரும் இரண்டு பையன்களில் ஒருவன் ஆளாகி முடித்திருக்க, இன்னொருவன் தொடங்கியே இருக்கமாட்டான். இருவருமே நலமாக இருப்பார்கள்.

முத்து மாலை போல ஓர் அளவுகோல்

பெண்களுக்கு முதல் மாதவிடாய் என்ற தெளிவான நாள் இருப்பதால், அதைப் பற்றிய ஆய்வுகள் குவிந்து கிடக்கின்றன. ஆண்களுக்கு அப்படி ஒரு நாள் இல்லாததால் அளப்பதே பெரும்பாடு.

தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், முத்துகளைத் துளையிட்ட பித்தளைச் சல்லடைகளில் சலித்து, பெரிது, நடுத்தரம், சிறிது என்று தரம் பிரித்தார்கள். சுவிட்சர்லாந்தின் குழந்தை மருத்துவர் ஆந்த்ரேயா பிராடர் 1966-ல் அறிமுகப்படுத்திய கருவியும் ஏறக்குறைய அதே யோசனைதான். ஒரே சரத்தில் கோத்த 12 மணிகள். மிகச் சிறியது 1 மில்லி லிட்டர் அளவு, மிகப் பெரியது 25 மில்லி லிட்டர். மருத்துவர் பையனின் விதையை ஒரு கையால் தொட்டுப் பார்த்து, மறு கையில் உள்ள மணிகளோடு ஒப்பிடுவார். 4 மில்லி லிட்டர் மணியை எட்டிவிட்டால், பருவம் தொடங்கிவிட்டது என்று பொருள். இன்றும் குழந்தைகள் ஹார்மோன் மருத்துவர்களின் மேசையில் இந்த மணிச்சரம் இருக்கும்.

ஆயிரக்கணக்கான பிள்ளைகளை இப்படிச் சோதிக்க முடியாது என்பதால், ஆய்வாளர்கள் வேறு வழிகளையும் பிடித்தார்கள். "குரல் மாறிவிட்டதா? முகத்தில் முடி வருகிறதா? திடீரென உயர்ந்தாயா?" என்று கேள்வித்தாளில் பையன்களையே கேட்டார்கள். பள்ளியில் எடுத்த உயரக் கணக்கை வைத்து, எந்த வயதில் வளர்ச்சி வேகமெடுத்தது என்று பார்த்தார்கள்.

இரட்டையர்கள் எதற்கு?

இரட்டையரில் இரண்டு வகை. ஒரே கரு இரண்டாகப் பிரிந்து பிறப்பவர்கள் ஒரு கரு இரட்டையர். அச்சு அசலாக இருப்பார்கள். மரபணுவும் கிட்டத்தட்ட முழுக்க ஒன்றே. இரண்டு தனித்தனிக் கருக்களாக உருவாகி, ஒரே வயிற்றில் சேர்ந்து வளர்ந்தவர்கள் இரு கரு இரட்டையர். மரபணுக் கணக்கில் இவர்கள் சாதாரண அண்ணன் தம்பி மாதிரிதான். பிள்ளைக்குப் பிள்ளை வேறுபடும் மரபணுக்களில் சராசரியாகப் பாதிதான் இவர்களிடையே ஒத்துப்போகும்.

இரு வகையினரும் ஒரே வீடு, ஒரே சோறு, ஒரே தெருவில்தான் வளர்கிறார்கள். அப்படியிருந்தும் ஒரு கரு இரட்டையர் மட்டும் பருவமடையும் நேரத்தில் அதிகம் ஒத்துப்போனால், அந்தக் கூடுதல் ஒற்றுமைக்குக் காரணம் மரபணு. இரு வகையினரும் ஒரே அளவு ஒத்துப்போனால், காரணம் வீட்டுச் சூழல். இதுதான் இரட்டையர் ஆய்வின் அடிப்படை.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு: ஒற்றுமையை 0 முதல் 1 வரை அளப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு கரு இரட்டையருக்கு 0.9, இரு கரு இரட்டையருக்கு 0.5 என்று வந்தால், வித்தியாசம் 0.4. அதை இரண்டால் பெருக்கினால் 0.8. அதாவது, பிள்ளைகளுக்கு இடையே தெரியும் வேறுபாட்டில் சுமார் 80 சதவீதம் மரபணுவால் வருவது. இரட்டையரை வைத்து மரபையும் சூழலையும் பிரித்துப் பார்க்கலாம் என்று 1875-லேயே எழுதியவர் இங்கிலாந்தின் பிரான்சிஸ் கால்டன். ஆனால், இரு வகை இரட்டையரை ஒப்பிடும் முறை 1920-களில்தான் உருப்பெற்றது.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

ஆண் பிள்ளைகளின் பருவ மாற்றத்தை இரட்டையர் வழியாக விரிவாகப் பார்த்த நாடுகளில் முக்கியமானது பின்லாந்து. அங்கே 1980-களில் பிறந்த இரட்டையர்களைச் சிறு வயதிலிருந்தே பின்தொடர்ந்தார்கள். 11 வயதிலும் 14 வயதிலும் கேள்வித்தாள் கொடுத்து, சுமார் 1,900 இரட்டையர்களின் பருவ வளர்ச்சியை ஒப்பிட்ட ஆய்வு 2004-ல் வெளியானது. உயர வளர்ச்சியை வைத்துக் கணக்கிட்ட இன்னோர் ஆய்வு 2008-ல் வந்தது. அதில் ஆண்கள், பெண்கள் இருவருக்குமே பருவ நேர வேறுபாட்டில் 80 சதவீதத்துக்கும் மேல் மரபணுவின் பங்கு என்று தெரிந்தது. மற்ற நாடுகளின் ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தால், 50 முதல் 80 சதவீதம் என்பது பொதுவாக ஏற்கப்படும் கணக்கு.

உயரத்துக்கும் இதே கதை. 20 நாடுகளின் 45 இரட்டையர் தொகுப்புகளை ஒன்றுசேர்த்த 2016-ம் ஆண்டு ஆய்வில், சின்னக் குழந்தையாக இருக்கும்போது வீட்டுச் சூழலின் பங்கு கூடுதலாகவும், வளர் இளம் பருவத்தில் மரபணுவின் பங்கு உச்சமாகவும் இருந்தது.

அப்படியானால் எந்த மரபணு? ஒன்றல்ல, பல. 2 லட்சத்துக்கும் அதிகமான ஆண்களின் மரபணுவை அலசி, 2020-ல் வெளியான ஆய்வு, ஆண்களின் பருவ நேரத்தோடு தொடர்புடைய 76 இடங்களைக் கண்டது. இவற்றில் பலவும் பெண்களின் பூப்பு வயதோடும் தொடர்புடையவை. ஆகவே, அம்மா தாமதமாக வயதுக்கு வந்தவர் என்றால், மகனும் தாமதமாக வளர வாய்ப்புண்டு. "அப்பா எப்ப வளந்தாரு?" என்று மட்டும் கேட்டால் போதாது, "அம்மா எப்ப பெரிய மனுஷி ஆனாங்க?" என்றும் மருத்துவர் கேட்பது இதனால்தான்.

80 சதவீதம் மரபணு என்றால், சாப்பாட்டுக்கு வேலையே இல்லையா?

இங்கேதான் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். 80 சதவீதம் என்பது ஒரு பையனின் உடம்பைப் பங்கு போட்ட கணக்கு அல்ல. ஒரே மாதிரிச் சூழலில் வளரும் பிள்ளைகளுக்கு இடையே உள்ள வித்தியாசத்தின் கணக்கு.

தூத்துக்குடி மாவட்டத்து விவசாயிக்கு இது எளிதில் புரியும். ஒரு கைப்பிடி கலப்பு விதையை ஸ்ரீவைகுண்டம் பக்கம் தாமிரபரணி பாயும் வயலில் விதைத்தால், எல்லாப் பயிருக்கும் தண்ணீரும் உரமும் சமமாகக் கிடைக்கிறது. அங்கே ஒரு பயிர் உயர்ந்தும் இன்னொன்று தாழ்ந்தும் நின்றால், விதையில்தான் வித்தியாசம். அதே கலப்பு விதையை விளாத்திகுளம் பக்கம் மானாவாரிக் கரிசலில் மழை பொய்த்த ஆண்டில் விதைத்தால்? மொத்தப் பயிருமே குறுகிப்போகும். விதை அதேதான், நிலம் மாறிவிட்டது.

பின்லாந்துப் பிள்ளைகள் ஆற்றுப்பாசன வயல் மாதிரி. கிட்டத்தட்ட எல்லோருக்கும் வயிறார உணவும் நல்ல மருத்துவமும் கிடைத்தது. அதனால் விதையின் வித்தியாசம் எடுப்பாகத் தெரிந்தது. எங்கும் அப்படியில்லை. இதை உணர்ந்துதான், மன்னார் வளைகுடாவின் அந்தப் பக்கம் இலங்கையில் 1997-ல் தேசிய அளவில் இரட்டையர் பதிவேடு தொடங்கினார்கள். பணக்கார நாடுகளின் கணக்கை அப்படியே தெற்காசியாவுக்குப் பொருத்தக் கூடாது என்பது அதன் பின்னுள்ள எண்ணம்.

மகரக்கட்டு சொல்லும் சாட்சி

சூழல் மாறினால் வயதே மாறும் என்பதற்குப் பழைய சாட்சி ஒன்று உண்டு. அதற்குத் தமிழில் தனிச் சொல்லே இருக்கிறது: மகரக்கட்டு. பருவ வயதில் பையனின் குரல் உடைவதைத்தான் அப்படிச் சொன்னார்கள்.

தூத்துக்குடி அருகே காட்டுநாயக்கன்பட்டியில் 1867-ல் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள், பிற்காலத்தில் சிறுவர்களையே நடிகர்களாக வைத்து நாடகக் குழு நடத்தியவர். 1918-ல் மதுரையில் அவர் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை பெயர்பெற்றது. பாய்ஸ் கம்பெனிகளில் ராஜபார்ட், ஸ்திரீபார்ட் எல்லாமே சிறுவர்கள்தான். உச்ச ஸ்தாயியில் பாடும் பையனுக்கு மகரக்கட்டு வந்துவிட்டால் வேஷம் போய்விடும். நேற்று வரை கதாநாயகன், இன்று கூட்டத்தில் ஒருவன்.

ஜெர்மனியின் லைப்சிக் நகரில், இசைமேதை பாக் நடத்திய சிறுவர் பாடகர் குழுவின் ஏடுகள் இருக்கின்றன. எந்தப் பையன் எந்த ஆண்டு மேல்குரலிலிருந்து ஆண்குரலுக்கு மாறினான் என்று அதில் பார்க்கலாம். 1727 முதல் 1749 வரையிலான பதிவுகளை 1970-ல் ஆராய்ந்தபோது, அங்கே குரல் உடைந்த வயது 17-ஐ ஒட்டி இருந்தது. போர்க்காலப் பஞ்சத்தில் அது இன்னும் தள்ளிப்போனது. டென்மார்க்கின் கோபன்ஹேகனில், 1994 முதல் 2003 வரை இதேபோன்ற பாடகர் குழுப் பையன்களைப் பார்த்தபோது வயது 14-ஐ ஒட்டி இறங்கியிருந்தது. சுமார் 250 ஆண்டுகளில் மூன்று வயது குறைந்திருக்கிறது. இவ்வளவு குறுகிய காலத்தில் மரபணு அப்படி மாறாது. மாறியது சாப்பாடும் சுகாதாரமும்தான்.

இந்தியப் பிள்ளைகளிடமும் இதற்குச் சான்று உண்டு. இந்தியாவிலிருந்து சுவீடன் குடும்பங்களுக்குத் தத்துப்போன 107 பெண் பிள்ளைகளை ஆராய்ந்து 1991-ல் வெளியான ஆய்வில், அவர்கள் பூப்பெய்திய சராசரி வயது 11.6. சுவீடன் பிள்ளைகளைவிடவும், இந்தியாவில் வசதியாக வளர்ந்த பிள்ளைகளைவிடவும் முன்கூட்டியே வந்தது. மரபணு இங்கிருந்து போனதுதான், மாறியது சூழல்.

தமிழ்நாடு இந்தப் பாடத்தை ஆய்வுக்கு முன்பே கையில் எடுத்த மாநிலம். 1956-ல் முதல்வர் காமராஜர் பள்ளி மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தது எட்டயபுரத்தில், இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தில். 1982-ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கினார். 2022-ல் காலை உணவும் சேர்ந்தது. ஆனாலும் வேலை முடிந்துவிடவில்லை. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயது ஆண்களில் 31 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. ரத்தசோகை என்றாலே பெண்களுக்குத்தான் என்ற நினைப்பில் பையன்களை யாரும் கவனிப்பதில்லை. பள்ளியில் வாரம் ஒரு முறை கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரை ஆண் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான். "எனக்கு எதுக்கு இது?" என்று பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வரும் பையனிடம் இதைச் சொல்ல வேண்டும்.

சரி, அந்த இரட்டையர் கதை?

இரு கரு இரட்டையர் என்றால் பதில் எளிது. அவர்கள் ஒரே நாளில் பிறந்த அண்ணன் தம்பிகள். ஒருவன் அப்பா வழியைப் பிடித்துச் சீக்கிரம் வளரலாம், இன்னொருவன் அம்மா வழியைப் பிடித்துத் தாமதமாக வளரலாம். ஒரே சாப்பாடு போட்டும் வித்தியாசம் வருகிறதே என்று அம்மா தன்னை நொந்துகொள்ள வேண்டியதில்லை. ஒரே சாப்பாடு போட்டதால்தான் மரபணு வித்தியாசம் அவ்வளவு பளிச்சென்று தெரிகிறது!

ஒரு கரு இரட்டையரில் பெரிய இடைவெளி இருந்தால் கொஞ்சம் கவனிக்க வேண்டும். சில மாத வித்தியாசம் சகஜம். இவர்களில் பெரும்பாலோர் வயிற்றில் ஒரே நஞ்சுக்கொடியைப் பங்கிட்டவர்கள். பங்கு சமமாக இல்லாமல், ஒருவன் எடை குறைந்து பிறந்திருக்கலாம். பிறகு ஒருவனுக்கு மட்டும் நீண்டநாள் நோய் வந்திருக்கலாம். ஓராண்டுக்கு மேல் இடைவெளி தெரிந்தால், பின்தங்கியவனுக்கு வேறு ஏதேனும் காரணம் உண்டா என்று மருத்துவரிடம் காட்டிப் பார்ப்பது நல்லது.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?

* 14 வயது முடிந்தும் விதைகள் பெரிதாகத் தொடங்கவில்லை என்றால்.
* 9 வயதுக்கு முன்பே பருவ மாற்றங்கள் தெரிந்தால். பையன்களுக்கு இது அரிது, ஆனால் மூளையிலோ சுரப்பியிலோ கோளாறு இருக்கும் வாய்ப்பு பெண்களைவிட அதிகம். தள்ளிப்போடக் கூடாது.
* தொடங்கிய வளர்ச்சி பாதியில் நின்றுவிட்டால், அல்லது மற்ற மாற்றங்கள் வந்தும் விதைகள் மட்டும் சிறிதாகவே இருந்தால். சுமார் 600 ஆண்களில் ஒருவருக்கு இருக்கும் க்ளைன்ஃபெல்டர் என்ற குரோமோசோம் குறைபாடு பல நேரம் இப்படித்தான் பிடிபடும்.
* தாமதத்தோடு வாசனையும் தெரியவில்லை என்றால். பருவத்தைத் தூண்டும் ஹார்மோன் இல்லாத கால்மன் குறைபாடாக இருக்கலாம். இதற்குச் சிகிச்சை உண்டு.
* பிறந்ததிலிருந்தே விதை பைக்குள் இறங்காமல் இருந்தால். இதற்கு 14 வயது வரை காத்திருக்கவே கூடாது.

பெரும்பாலான தாமதங்களுக்கு நோய் காரணமல்ல. "இந்தக் குடும்பத்துக்கே லேட்டுதான்" என்ற வகை. இடது கையை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயதைப் பார்ப்பார்கள். 15 வயதுப் பையனுக்கு எலும்பு வயது 12 என்று வந்தால், அவனுக்கு வளர இன்னும் காலம் இருக்கிறது என்று அர்த்தம். முன்னால் வளர்ந்தவன் நின்றுவிடுவான், இவன் பின்னால் வந்து எட்டிப்பிடிப்பான். பையன் மனதளவில் மிகவும் ஒடிந்துபோயிருந்தால், சில மாதங்களுக்குக் குறைந்த அளவு டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டு மருத்துவர்கள் தொடக்கி விடுவதும் உண்டு. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் குழந்தைகள் நலப் பிரிவில் இதற்கான முதல் பரிசோதனையைச் செய்துகொள்ளலாம்.

செய்யக் கூடாதவை

ஜிம்மில் யாரோ கொடுத்தார்கள் என்று ஊசியோ, பெயர் தெரியாத பவுடரோ வேண்டவே வேண்டாம். வெளியிலிருந்து அளவு மீறிப் போகும் டெஸ்டோஸ்டிரோன், விதைகளின் சொந்த வேலையை நிறுத்திவிடும். எலும்பின் வளர்ச்சித் தட்டுகளை முன்கூட்டியே மூடிவிடும். உயரம் கூட வேண்டும் என்று போட்ட ஊசியே உயரத்தைக் கெடுக்கும்.

பருவ வயதில் பாதிப் பேர் வரை பையன்களுக்கு மார்பு லேசாக வீங்கி வலிக்கும். ஓரிரு ஆண்டுகளில் பெரும்பாலும் தானாக மறைந்துவிடும். இதை யாரிடமும் சொல்ல முடியாமல் சட்டையைக் கழற்றாமலும், கடலில் குளிக்காமலும் ஒளியும் பையன்கள் நிறைய. "இது வர்றதுதான், போயிரும்" என்று அப்பாவோ மாமாவோ ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

சீக்கிரம் வளர்ந்தவனுக்கும் ஒரு சிக்கல் இருக்கிறது. 14 வயதில் 18 வயது ஆள்போல் நிற்பவனைப் பார்த்து, "அதான் ஆளாயிட்டானே" என்று படகுக்கும் உப்பளத்துக்கும் வேலைக்கு இழுக்கத் தோன்றும். உடம்புதான் முந்தியிருக்கிறது, வயது முந்தவில்லை. 14 வயதுக்குக் கீழே உள்ளவர்களை வேலைக்கு வைப்பதையும், 14 முதல் 18 வயது வரையுள்ளவர்களை ஆபத்தான தொழில்களில் வைப்பதையும் 2016-ல் திருத்தப்பட்ட சட்டம் தடை செய்கிறது.

இரட்டையர் ஆய்வுகளிலிருந்து வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டியது இரண்டுதான். நேரத்தைப் பெரும்பாலும் மரபணு குறிக்கிறது, அதை வைத்துப் பிள்ளையைக் கேலி செய்வதில் அர்த்தமே இல்லை. ஆனால், வயிறார உணவும், ரத்தசோகை இல்லாத உடம்பும், சமயத்தில் மருத்துவரும் கிடைத்தால்தான் அந்த மரபணு தன் வேலையைச் சரியாகச் செய்யும். முதலாவது நம் கையில் இல்லை. இரண்டாவது முழுக்க நம் கையில்தான்.